கயாக்கின் வயிற்றில் ஒரு காது

திருகோணமலையில் ஆழ்கடலைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோணேசர் கோயில் நிற்கும் பாறை கடலிலிருந்து நூறு மீற்றருக்கும் மேலாகச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அந்தப் பக்கத்துக் கடலடியும் அதே வேகத்தில் கீழே இறங்குகிறது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தலைவைத்துத் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கிழக்கே ஓடி, வங்காள விரிகுடாவின் 3,000 மீற்றர் தாண்டிய ஆழத்தில் போய்ச் சேர்கிறது. மற்றக் கரைகளில் இயந்திரப் படகில் வெகுநேரம் ஓடினால்தான் தொடக்கூடிய ஆழத்தை இங்கே துடுப்புப் போட்டே எட்டிவிடலாம். 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்புள்ள இந்த இயற்கைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறி மல்லுக்கட்டியதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம்.

கப்பல்காரருக்கு வாய்த்த இந்த வசதி, தூண்டில்காரருக்கு ஒரு சிக்கல். விளைமீனும் களவாயும் பாரையும் கடலெங்கும் பரவி நிற்பதில்லை. கல்லும் பாரும் உள்ள இடத்தில், மேடு முடிந்து பள்ளம் விழும் விளிம்பில்தான் அவை கூடும். அந்த விளிம்பு எங்கே என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. இருபது பாகத்தில் நூல் நிலத்தைத் தொட்ட இடத்திலிருந்து சற்றே விலகினால், நூல் முழுவதையும் விட்டாலும் நிலம் தட்டாது.

முன்னோர் இதற்கு வைத்திருந்த வழி ஈயக்குண்டும் நினைவும். குண்டு கட்டிய நூலை இறக்கி, இரு கைகளையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்து எடுப்பார்கள். பிறகு கரையில் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும் நேர்கோட்டில் வைத்து, வேறொரு பக்கத்தில் இன்னொரு சோடி அடையாளத்தைப் பிடித்து, அந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் நமது கல் என்று மனதில் பதித்துக்கொள்வார்கள். ஐரோப்பியக் கடற்படைகள் செய்ததும் இதைத்தான். ஈயக்குண்டின் அடியில் குழி வைத்து அதில் கொழுப்பைப் பூசி இறக்குவார்கள். கொழுப்பில் ஒட்டிவரும் மணலையும் சிப்பித் துண்டையும் பார்த்து அடிநிலம் எப்படிப்பட்டது என்று அறிவார்கள். ஒரு கல்லை அறிந்து வைத்திருப்பது குடும்பச் சொத்து. தகப்பன் மகனுக்குச் சொல்வார், ஊருக்குச் சொல்லமாட்டார்.

அந்த அறிவு இல்லாமல் கடலில் இறங்குகிறவர்களுக்கு இன்று ஃபிஷ் ஃபைண்டர் என்ற மீன் தேடும் கருவி இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் விடுதிகளின் முன்னால் கிடக்கிற பிளாஸ்டிக் கயாக்கில்கூட அதைப் பொருத்தலாம். கையகலத் திரை, ஒரு பற்றரி, ஒரு வயர், வயரின் நுனியில் சவர்க்காரக் கட்டி அளவில் கறுப்பாக ஒரு பொருள். கடைக்குப் போகிறவர்கள் திரையின் அகலத்தையும் வண்ணத்தையும் வரைபடத்தையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். ஆனால் கடலைக் கேட்பது திரையல்ல, அந்தக் கறுப்புக் கட்டி. அதன் பெயர் டிரான்ஸ்டியூசர். அது சரியாக உட்கார்ந்தால் மலிவான திரையும் கடலடியைத் தெளிவாக வரையும். பிசகினால் எவ்வளவு விலை கொடுத்த திரையிலும் வெறும் புள்ளிமழைதான் பெய்யும்.

கட்டிக்குள் இருப்பது ஒரு சிறு பீங்கான் வில்லை. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டுபிடித்தார்கள். மின்சாரத்தைக் கொடுத்தால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக, பிரான்சின் பால் லாஞ்சவின் குவார்ட்ஸ் படிகத்தை நீருக்குள் வைத்து ஒலியெழுப்பி எதிரொலியைப் பிடித்துக் காட்டினார். கயாக்கின் அடியில் இன்று நடப்பதும் அதுவே. திரையிலிருந்து வரும் மின்துடிப்பு வில்லையை நொடிக்கு 2 இலட்சம் தடவை அதிரவைக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் கீழே போய், நிலத்தில் மோதித் திரும்புகிறது. ஒலி போய் வர நொடியில் நூற்றில் நான்கு பங்கு நேரம் எடுத்தால் ஆழம் 30 மீற்றர். கணக்கு அவ்வளவுதான்.

போருக்குப் பிந்திய ஜப்பானில், நாகசாகி மாவட்டத்தின் குச்சினோட்சு என்ற சிற்றூரில், படகுகளுக்கு மின்வேலை செய்துவந்த ஃபுருனோ சகோதரர்கள் இந்தக் கருவியை மீனவர் கைக்குக் கொண்டுவந்தார்கள். மீன்கூட்டம் நிற்கும் இடத்தில் தண்ணீரில் குமிழி எழும் என்று ஒரு மீனவர் சொன்னது அவர்களுடைய முயற்சிக்கு வித்தானது என்று அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. குமிழி என்றால் காற்று. நீருக்குள் காற்று இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பும். போர்க்காலத்து ஆழமானிகளைத் திருத்தி, 1948இல் அவர்கள் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

காற்று என்ற அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பொருத்தும் வேலை முழுவதும் விளங்கிவிடும். நீரில் செல்லும் ஒலி காற்றை எதிர்கொண்டால் அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே காற்றுக்குள் நுழையும். மிச்சம் எல்லாம் அப்படியே திரும்பிவிடும். மீனின் தசை ஏறக்குறைய நீரைப் போன்றது, அதில் ஒலி பெரிதாகத் தடைபடாது. திரையில் மீனாகத் தெரிவதில் பெரும்பங்கு அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் வரிச்சூரையும் மங்கலாகத் தெரிவதற்கும், கணவாய்க் கூட்டம் மெல்லிய புகைபோல மட்டும் தெரிவதற்கும் இதுவே காரணம். ஆக, மீனுக்குள் இருக்கும் காற்று மீனைக் காட்டிக்கொடுக்கிறது. டிரான்ஸ்டியூசருக்கும் தண்ணீருக்கும் நடுவில் அகப்பட்ட காற்றோ, அரிசி மணியளவே இருந்தாலும், கடலை மறைத்துவிடுகிறது. ஸ்கேன் எடுக்கும்போது வைத்தியர் வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசுவாரே, அது எதற்கென்று நினைக்கிறீர்கள்? தோலுக்கும் கருவிக்கும் இடையில் காற்று நிற்காமல் இருக்கத்தான்.

கயாக்கில் டிரான்ஸ்டியூசரை வைக்க மூன்று இடங்கள் உண்டு. மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்குகளில் ஏறிய தண்ணீர் வடிவதற்காக அடிவரை துளைகள் விட்டிருக்கும். அந்தத் துளை ஒன்றுக்குள் கட்டியைப் பொருத்தி, அதன் முகம் தண்ணீரைத் தொடும்படி விடலாம். அல்லது பக்கவாட்டில் ஒரு தண்டை மாட்டி அதன் நுனியில் கட்டியைப் பூட்டித் தண்ணீருக்குள் இறக்கலாம். மூன்றாவது, கயாக்கின் உள்ளே, அடித்தட்டின் மேல் ஒட்டிவிடுவது. பிளாஸ்டிக் அடித்தட்டு ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்புத்தான். வழக்கமான மீன்தேடும் ஒலி அதை ஊடுருவிப் போகும்.

திருகோணமலைக் கரைக்கு மூன்றாவதே நல்லது என்று துணிந்து சொல்லலாம். இங்கே கயாக்கை யாரும் படித்துறையில் கட்டி வைப்பதில்லை. அலையோடு வந்து மணலில் ஏற்றி, பிடித்து இழுத்துக் கொண்டுபோகிறார்கள். சில இடங்களில் மணலுக்கு முன்னாலேயே முருகைக் கல் தட்டும். துளைக்குள்ளிருந்து கட்டியின் முகம் விரலளவு வெளியே நீண்டிருந்தாலும் போதும், சில நாட்களிலேயே அது சுரண்டுப்பட்டுவிடும். அதற்கென்றே காப்புத்தகடு வைத்து வரும் கயாக்குகள் உண்டு. விடுதிக் கரைகளில் கிடப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. உள்ளே ஒட்டினால் இரண்டு இழப்பு. ஒன்று, கடல்நீரின் வெப்பத்துக்குப் பதிலாகக் கயாக்கின் அடித்தட்டு எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதையே கருவி காட்டும். மற்றது, கடலடியைப் படம்போலக் காட்டும் 455, 800 கிலோஹேர்ட்ஸ் ஒலி பிளாஸ்டிக்கைக் கடப்பதற்குள் களைத்துவிடும். அந்தப் படத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்தவர்கள் கட்டியைத் தண்ணீரைத் தொட வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆழமும் அடிநிலமும் மீன்கூட்டமும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு உள்ளேயே காரியம் முடிந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் சோதிப்பதை மட்டும் விடக்கூடாது. கயாக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே அடித்தட்டில் ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றி, அதில் கட்டியை வைத்துத் திரையைப் பார்க்க வேண்டும். பிறகு அதே இடத்தில் கட்டியைக் கயாக்குக்கு வெளியே பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால் அந்த இடம் நல்லது. அடித்தட்டில் வரம்போ வளைவோ உள்ள இடமும், உள்ளே மிதவைக்காக நுரைக்கட்டை வைத்த இடமும் ஆகாது. இருக்கைக்குச் சற்று முன்னோ பின்னோ, நடுக்கோட்டுக்கு அருகில், தட்டையான இடமே நல்லது. கை எட்டவும் வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு கட்டி நேர்கீழே பார்க்கிறதா என்பதுதான் முக்கியம், மணலில் கிடக்கும்போது எப்படிப் பார்க்கிறது என்பதல்ல. பத்துப் பாகை சரிந்திருந்தால், 30 மீற்றர் ஆழத்தில் அது பார்க்கிற இடம் ஐந்து மீற்றர் தள்ளிப் போய்விடும். அவ்வளவு விலகினால் தூண்டில் கல்லுக்குப் பக்கத்து மணலில்தான் விழும்.

இடம் முடிவானதும் வேலை ஆரம்பம். அடித்தட்டில் உள்ளங்கையளவு இடத்தை மண்தாளால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். கயாக் செய்யும் பொலிஎதிலீன் எதனோடும் எளிதில் ஒட்டாத பிளாஸ்டிக். இறுகிக் கல்லாகும் இப்பொக்சிப் பசை முதலில் நன்றாகப் பிடித்ததுபோல் இருக்கும்; கயாக் வெயிலில் விரிந்து தண்ணீரில் சுருங்கும்போது ஓரத்திலிருந்து கழன்றுகொள்ளும். கடல்வேலைக்கான சிலிக்கன் இதற்கு மேல்: அது காய்ந்த பிறகும் நெளிந்துகொடுக்கும்; வேண்டாதபோது கத்தியால் வழித்தும் எடுத்துவிடலாம். சிலிக்கனைப் புழுப்புழுவாகக் கோடு போடக்கூடாது, கோடுகளுக்கு நடுவில் காற்று சிறைப்படும். நடுவில் ஒரே குவியலாகப் பிதுக்கி, கட்டியின் முகத்திலும் மெல்லிய பூச்சுப் பூசி, குவியலின் உச்சியில் வைத்து, இடமும் வலமுமாகத் திருகித் திருகி அழுத்த வேண்டும். நான்கு பக்கமும் பசை பிதுங்கி வரும். அதோடு காற்றும் வெளியேறும். பிறகு தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பாரமாக வைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டுவிட வேண்டும். கட்டியில் அணியப் பக்கத்துக்கான அம்புக்குறி இருந்தால் அதைக் கவனிக்க மறக்கக்கூடாது.

நிரந்தரமாக ஒட்ட மனமில்லாதவர்கள் இன்னொரு வழியைக் கையாளுகிறார்கள். கட்டியின் அளவுக்கு நடுவில் வெட்டிய தடித்த நுரைச்சதுரம் ஒன்றை அடித்தட்டில் ஒட்டி, அந்தக் கிணற்றுக்குள் தண்ணீரோ களியோ விட்டு, கட்டியை அதில் அமுக்கி வைப்பார்கள். தண்ணீர் வற்றினால் ஊற்றிக்கொள்ள வேண்டும். வாடகைக் கயாக்குகளுக்கும், ஒரே கருவியை இரண்டு கயாக்கில் மாற்றி வைப்பவர்களுக்கும் இது ஏற்றது.

இதையெல்லாம் கேட்கும் திருகோணமலை மீனவர் ஒருவர், என்னிடம் கயாக் ஏது என்று கேட்கலாம். அவரிடம் இருப்பது தெப்பம். கட்டுமரத்தின் வழியில் வந்த இந்தச் சின்னக் கலம் மரத்திலிருந்து மாறி, உள்ளே ரெஜிபோம் அடைத்து மேலே ஃபைபர் போர்த்திய கலமாகிவிட்டது. ஒருவர் மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுவதால் கயாக்கின் நெருங்கிய உறவு என்றே அதைச் சொல்லலாம். மேல்நாட்டுக் கயாக் கையேடுகளில் இந்தக் கலத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது: தெப்பத்துக்குள் ஒட்டும் முறை சரிவராது. ரெஜிபோம் என்பதே கோடிக்கணக்கான காற்றறைகள். எவ்வளவு சக்தியுள்ள கருவியானாலும் அதன் ஒலி அந்த நுரைக்குள்ளேயே அடங்கிவிடும். தெப்பத்துக்குப் பக்கவாட்டுத் தண்டுதான் வழி. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் முக்கால் அங்குல பி.வி.சி. குழாயும், ஒரு முழங்கை மூட்டும், இரண்டு துருப்பிடிக்காத கிளிப்பும் போதும். தண்டின் நுனியிலுள்ள கட்டி தெப்பத்தின் அடிமட்டத்துக்கு விரலளவு கீழே நிற்க வேண்டும். துடுப்பு தொடாத இடமாகவும் இருக்க வேண்டும். கரை நெருங்கும்போது தண்டை மேலே மடித்துவிடக்கூடிய விதத்தில் மூட்டு இறுக்கமாகவும் கையால் திரும்பக்கூடியதாகவும் அமைய வேண்டும். வலை விடுகிறவர்களுக்குத் தண்டு இடைஞ்சல்தான். கைத்தூண்டில்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகில் கட்டியைப் பின்பலகையில்தான் வைக்கிறார்கள். அங்கே பகை, சுழலி கிளப்பும் நுரை. வழக்கமான சுழலி முன்னோக்கி ஓடும்போது வலஞ்சுழியாகச் சுற்றுவதால், வலப்பக்கத்தில், சுழலியிலிருந்து முழ அளவாவது தள்ளி வைத்தால் கலங்காத தண்ணீர் கிடைக்கும். துடுப்பு வேகத்தில் போகும் கயாக்குக்கு இந்தக் கவலை கிடையாது. அந்த வகையில் ஃபிஷ் ஃபைண்டருக்குக் கயாக்கைவிட அமைதியான கலம் அமைவது அரிது.

மின்சாரம் பெரிய பாடில்லை. ஐந்தங்குலத் திரையுள்ள சாதாரணக் கருவி ஒரு அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். கணினி யூ.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர்மணி ஈயப் பற்றரியே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். எடை குறைந்த லித்தியம் பற்றரி வைத்தால் கயாக்கை இழுக்கும் முதுகு நன்றி சொல்லும். பற்றரிக்கு அருகில் கருவிக் கையேடு சொல்லும் அளவில் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். உண்மையான எதிரி உப்பு. வயர் உள்ளே நுழையும் துளையில் இறுக்கும் ரப்பர் வளையம், இணைப்பு முனைகளில் வசிலின் பூச்சு, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல்: இந்த மூன்றையும் விட்டவர்களின் பித்தளை முனைகள் ஒரே பருவத்தில் பச்சை பிடித்துவிடும். மிச்சமாக இருக்கும் டிரான்ஸ்டியூசர் வயரை வெட்டிச் சுருக்கக்கூடாது. சுருட்டிக் கட்டி வைப்பதே சரி.

பொருத்தியாகிவிட்டது, திரையில் என்ன தெரியும்?

வலது ஓரம்தான் இந்தக் கணம். அங்கே தோன்றும் ஒவ்வொரு கோடும் இடப்பக்கமாக நகர்ந்து பழையதாகிக்கொண்டே போகும். திரையின் மற்றப் பகுதியெல்லாம் கயாக் ஏற்கெனவே கடந்து வந்த இடம். கல்நிலம் தடித்து, பளிச்சென்று தெரியும்; சேறு மெல்லியதாகத் தெரியும். ஒலி கீழே கூம்புபோல விரிந்து செல்வதால், இருபது பாகைக் கூம்பு 30 மீற்றர் ஆழத்தில் பத்து மீற்றருக்கு மேல் அகலமான வட்டத்தைப் பார்க்கிறது. கூம்பின் ஓரத்தில் நுழையும் மீன் சற்றுத் தூரத்தில் இருக்கும், நடுவுக்கு வரும்போது கிட்டவாகும், வெளியேறும்போது மீண்டும் தூரமாகும். வில்போன்ற வளைவு அப்படித்தான் உருவாகிறது. அசையாமல் நிற்கும் கயாக்கின் அடியில் அசையாமல் நிற்கும் மீன் வில்லாகத் தெரியாது, நீண்ட கோடாகவே தெரியும். சூடைக் கூட்டம் மேகத் திட்டாக நிற்கும். அதன் கீழே தனித்தனியாகச் சாய்ந்த கோடுகள் தெரிந்தால் பாரையோ சீலாவோ வேட்டையில் இருக்கலாம். மீன் உருவத்தையே படமாகப் போட்டுக்காட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. அதை அணைத்து வைப்பது நல்லது. மிதக்கும் குப்பைக்கும் குமிழிக்கும்கூட அது மீன்படம் போட்டுவிடும்.

திருகோணமலைக்கே உரிய காட்சி பள்ளத்தாக்கின் விளிம்பில்தான் கிடைக்கும். முப்பது, நாற்பது மீற்றரில் சீராக ஓடிக்கொண்டிருந்த நிலக்கோடு சட்டென்று சரியத் தொடங்கும். அறுபது, தொண்ணூறு என்று எண்கள் பாயும். பிறகு எண் கண்சிமிட்டும், கோடு மறைந்துவிடும். கருவி பழுதென்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். பழுதில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேட் உயர் அதிர்வெண் ஒலியை விழுங்குகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய ஆழக் கணக்கெல்லாம் பெரும்பாலும் நன்னீருக்கானது. 200 கிலோஹேர்ட்ஸ் ஒலி உப்புநீரில் அவ்வளவு தூரம் போய்வராது. ஆழத்துக்கு 50 கிலோஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலி வேண்டும், அதற்குப் பெரிய வில்லையும் கூடிய சக்தியும் வேண்டும். சிறு கருவி பள்ளத்தாக்கின் அடியைக் காட்டாது. ஆனால் எண் மறையும் அந்த இடத்தை ஜி.பி.எஸ்.இல் புள்ளியாகக் குறித்து, கொஞ்சம் தள்ளிப் போய் மீண்டும் குறித்து, இப்படியே போனால் விளிம்பின் வடிவம் திரையில் விழுந்துவிடும். தூண்டில்காரருக்கு வேண்டியது அதுதானே.

அங்கே ஏமாற்று ஒன்றும் உண்டு. நூறு மீற்றருக்குள் எதிரொலி வருமென்று எதிர்பார்க்கும் கருவி அடுத்த துடிப்பை அனுப்பிவிடும். ஐந்நூறு மீற்றர் ஆழத்துக்குப் போன பழைய ஒலி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கழித்துப் பலவீனமாக வந்து சேர்ந்தால், அது இப்போதுதான் அனுப்பிய ஒலியின் பதில் என்று கருவி எண்ணிக்கொண்டு, இல்லாத இடத்தில் ஒரு நிலத்தை வரையும். ஆழ எல்லையை மாற்றிப் பார்த்தால் அந்தப் பொய்நிலம் இடம் மாறும், மெய்நிலம் மாறாது. செங்குத்துச் சரிவுகளிலோ கூம்பின் ஓரம் பக்கச் சுவரை முதலில் தொட்டுவிடுவதால், உண்மையைவிடக் குறைந்த ஆழமே காட்டும்.

குடாவின் தெற்கே, மூதூர்ப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே மகாவலி கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றின் நன்னீர் கலங்கலாக மேலே மிதக்க, உப்புநீர் அடியில் கிடக்கும்; இரண்டும் சந்திக்கும் மட்டம் திரையில் கிடைக்கோடாகத் தெரிவதும் உண்டு. கருவியில் நன்னீர், உப்புநீர் என்று தெரிவு இருந்தால் உப்புநீரில் வைத்திருப்பது நல்லது. தவறாக இருந்தால் ஆழத்தில் நூற்றுக்குச் சில வீதம் பிசகும்.

ஒலியால் மீன் தேடுவது இந்தக் கடலுக்குப் புதிதல்ல. நோர்வேயின் 'டொக்டர் ஃபிரிட்ஜொஃப் நான்சன்' ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கையைச் சுற்றி எதிரொலிக் கருவியால் மீன்வளத்தை மதிப்பிட்டது. 2018இல் மீண்டும் வந்து, நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகத்தோடு சேர்ந்து அளந்தது. அந்தக் கப்பலின் அடியில் இருப்பதும் கயாக்கின் வயிற்றில் இருப்பதும் ஒரே தத்துவம்தான். அளவும் துல்லியமும் வேறு.

அந்தக் கப்பலுக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே ஒலியால் வேட்டையாடிவருபவை எண்ணெய்த் திமிங்கிலங்கள். பள்ளத்தாக்கு கரைக்கு அருகில் வருவதால் அவையும் நீலத் திமிங்கிலங்களும் திருகோணமலைக்கு வெளியே கண்ணில் படுகின்றன. 'டூலிப்' என்ற சிறு ஆய்வுப் படகில் வந்தவர்கள் 1980களின் தொடக்கத்தில் இங்கே எண்ணெய்த் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். அவை தலையிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, இருட்டான ஆழத்தில் கணவாயைத் தேடிப் பிடிக்கின்றன. 50 கிலோஹேர்ட்ஸ் ஒலி எண்ணெய்த் திமிங்கிலத்துக்கும் ஓங்கிலுக்கும் கேட்கும். 200 கிலோஹேர்ட்ஸ் அவற்றின் கேள்வி எல்லைக்கு மேலே என்றாலும், கருவியிலிருந்து கீழ்மட்ட ஒலியும் கொஞ்சம் கசிவதுண்டு. அவை அருகில் எழும்போது கருவியை அணைத்துவிடுவதே முறை. ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். அது அந்த உயிர்களுக்குச் செய்யும் மரியாதை.

மீன் தேடிப் போகக்கூடாத இடங்களும் உண்டு. புறாமலைத் தீவும் அதைச் சூழ்ந்த முருகைக் கல்லும் 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக்கூடாது. உட்துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. திரையும் வயருமாக அதன் எல்லைக்குள் துடுப்புப் போட்டுப் போவது வீண் வில்லங்கம். இந்தத் துறைமுகத்தின் அடியில் போர்க்காலச் சின்னங்களும் கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கிய 'சகாயிங்' கப்பலை 2018இல்தான் கடற்படையினர் மிதக்கவைத்து எடுத்தார்கள். 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி 'வேலியன்ட்' போர்க்கப்பலைத் தாங்கியபடியே ஒரு மிதக்கும் கப்பல்துறை இங்கே முறிந்து அமிழ்ந்தது.

பருவமும் சொல்லத்தக்கது. வாடைக் காலத்தில் இந்தக் கரையில் கயாக்கை இறக்கக் கூடாது. சித்திரை பிறந்து கடல் தணிந்த பிறகுதான் தொழில். மேற்குக் கரை மீனவர்கள் வாடி போட வருவதும் அந்தக் காலத்தில்தான். தணிந்த கடலிலும் கச்சான் காற்றை மதிக்க வேண்டும். அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடக்கும். போகப் போக முதுகில் தள்ளும். திரும்பும்போதுதான் அதன் பலம் தெரியும். ஆழம் பார்க்கும் ஆசையில் விளிம்பைத் தேடிப் போகிறவர்கள் மிதவை அங்கியோடு போக வேண்டும். வரும்போது ஜி.பி.எஸ். எண்ணைவிடக் காற்றின் நேரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

ஐப்பசியில் கயாக்கைக் கரையேற்றியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திரையையும் பற்றரியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கட்டி உள்ளேயே இருக்கட்டும். ஆனால் விளக்கொன்றைப் பிடித்து ஒட்டிய ஓரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பருவத்தின் கடைசி நாட்களில் தெளிந்த இருபது மீற்றர் நிலத்திலும் எண் விட்டுவிட்டு வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், எங்கோ சிலிக்கன் கழன்று காற்றுப் புகுந்திருக்கிறது. மேலே இன்னொரு பூச்சுப் பூசி மூடினால் உள்ளே நுழைந்த காற்று உள்ளேயே நிற்கும். கத்தியை ஓரத்தில் நுழைத்துக் கட்டியை முழுதாகப் பெயர்த்து, பழைய பசையைப் பிளாஸ்டிக் தெரியும்வரை வழித்து, மண்தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.